சனிக்கிழமைக் கூலி

17 டிசம்பர் 2023, ஞாயிறு

பிடித்த மழை விடவேயில்லை. கரண்ட் போய் நெடுநேரமாகிறது. போன் அடங்குவதற்கு முன் பத்தமடைப் பாய் நெசவுக்காரர்களிடமிருந்து கடைசியாக வந்த கேள்வி: “ஆத்துல ஊறப்போட்ட கோரக் கட்ட யாராவது ஏத்துனாவளா?”

20 டிசம்பர்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையாம். இங்கே திருநெல்வேலியில் சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாகக் கிடக்கிறது. இன்றுதான் போன் கிடைத்தது. நம் நெசவுக்காரர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் கோரையைப் பற்றிக் கேட்க வாய் வந்தது.

22 டிசம்பர்

பத்தமடை போய் வந்தேன். ஆற்றில் கிடந்த கட்டுகள் அத்தனையும் போய்விட்டன.

நைசுப் பாய்க்கான கோரை சும்மா அறுத்து நெய்கிற சரக்கல்ல. பச்சையாக இருக்கும்போதே அறுத்து, கீறி, காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிதாகக் கிழிக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் அந்த வழவழப்பு வராது என்பார்கள். பத்தமடைப் பாய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே தாமிரபரணிதான். அதே ஆறு இந்தப் பருவத்துச் சரக்கை வாரிக்கொண்டு போய்விட்டது.

தறி தரையோடு தரையாகக் கிடப்பது. தெருவில் முழங்கால் தண்ணீர் வந்தாலே போதும். நாலைந்து வீடுகளில் பாவு நூல் சேற்றில் ஊறி அழுகிக் கிடக்கிறது. ஒரு வீட்டில் அச்சுக்கட்டை வளைந்துபோயிருந்தது. அந்த அம்மா அதை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மாமியார் நெய்த அச்சு. என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

28 டிசம்பர்

இன்று கூட்டம். நான் மனதில் வைத்திருக்க வேண்டிய நாள்.

ஒரே ஒரு வீட்டுப் பரணில் போன பருவத்து நைசுக் கோரை கொஞ்சம் தப்பியிருக்கிறது. தை முகூர்த்தங்களுக்கு மூன்று கல்யாணப் பாய் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கோரை இரண்டுக்குத்தான் வரும். பெண், மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்யும் பாய் அது. நாள் தவறினால் இன்னொருவருக்கு விற்க முடியாது.

ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைக்கலாம் என்றேன். நெசவுக்காரர்களில் மூத்தவரான ராத்தா தலையாட்டவில்லை. “ஒரே பாய்ல ரெண்டு கை விழுந்தா பாயே காட்டிக் குடுத்துரும், புள்ள. கல்யாண வீட்டுல விரிச்சுப் பாப்பாவ.” யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவருக்குக் கொடுக்கலாம் என்றது ஒரு குரல். எல்லாருக்கும்தானே கஷ்டம் என்றது இன்னொரு குரல். குரல்கள் உயர்ந்தன. ஒருத்தி அழுதாள்.

எங்களுடையது உற்பத்தியாளர் கம்பெனி. சட்டப்படி உறுப்பினருக்கு ஒரு ஓட்டு, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் சரி. கணக்குப் பார்க்கிற எனக்கு ஓட்டு இல்லை. பேசாமல் இருந்தேன். கடைசியில் ராத்தா சொன்னதுதான் நின்றது: கோரை இரண்டு நல்ல கைகளுக்குப் போகட்டும், கூலி போக அந்தப் பாயில் வருகிற காசு மற்றவர்கள் தறிக்குக் கரூர்க் கோரையாக வரட்டும். கை தூக்கியவர்கள் அதிகம். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாவது கல்யாண வீட்டுக்கு நான்தான் போன் செய்தேன். பெண்ணின் தகப்பனார் கோபப்படவில்லை. “உங்க ஊரு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

2 ஜனவரி 2024

மழைக்குப் பிறகு முதல் வெயில். தப்பிய கோரை தெருவில் காய்கிறது.

13 ஜனவரி

எழுந்துபோன இருவரில் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, வீடு முழுக்கத் தூள் நெடி. உள்ளே சின்னவன் இருமிக்கொண்டிருந்தான்.

கோபமெல்லாம் இல்லை. தேநீர் கொடுத்தார். “சனிக்கிழமன்னா துட்டு வந்துருது. பி.எஃப். பிடிக்கான், வருசத்துக்கு ஒரு போனஸ். பாய நான் மாசக்கணக்கா நெய்யுதேன். அது மெட்ராஸ் போயி, வித்து, செக்கு வந்து, அப்புறம் எனக்கு வருது. நீங்க நல்லவியதான். நீங்க நல்லவியளா இருந்து நான் பலசரக்குக் கடைக்காரனுக்கு என்னத்தக் குடுக்க?”

பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது எங்கள் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். புவிசார் குறியீடு, 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்குப் போனதாகச் சொல்லப்படும் பாய், இயற்கைச் சாயம். எல்லாம் பாயைப் பற்றியது. நல்ல படங்கள்.

24 ஜனவரி

இரண்டு பாயும் போய்ச் சேர்ந்தன! ஒன்றில் பெயர்கள் சாயச் சிவப்பில், ஓரத்தில் மல்லிகை மொட்டு வரிசை. நெய்தவர் அதைச் சுருட்டும் முன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கல்யாண வீட்டார் முழுப் பணத்தையும் அன்றே அனுப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கரூர்க் கோரைக்கு முன்பணம் கட்டியாயிற்று.

9 பிப்ரவரி

எங்களிடம் அதிகம் வாங்கும் சென்னைக் கடையிலிருந்து அழைப்பு. ஆயுத பூஜைக்கு முன்னால் அனுப்பிய சரக்குக்கு இன்னும் பணம் வரவில்லை. டிசம்பரில் அங்கேயும் வெள்ளம் என்றார்கள், கேட்டுக்கொண்டேன். இப்போது அவர்களே அழைக்கிறார்கள், பதற்றமாக.

காரணம் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்). இந்த நிதியாண்டிலிருந்து அமலாகிறது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவணை தாண்டிய பாக்கி மார்ச் 31-இலும் நின்றால் வாங்கியவர் அந்தத் தொகையை இந்த வருடச் செலவில் கழிக்க முடியாது. படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்தது. நம் பெண்களை மனதில் வைத்து யாரோ எழுதியதுபோல் இருந்தது.

பழைய பாக்கி மார்ச்சுக்குள் வந்துவிடும் என்றார் கடைக்காரர். அதோடு நிறுத்தவில்லை. இனிமேல் விலைக்கு வாங்குவதில்லையாம். சரக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அப்படி வைத்த சரக்குக்கு எந்தத் தவணையும் ஓடாது. விற்கும்வரை காத்திருப்பது முழுக்கப் பத்தமடையின் பாடு.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

10 பிப்ரவரி

தூக்கமில்லை.

25 பிப்ரவரி, ஞாயிறு

சென்னைக் கடைக்கு முடியாது என்று சொல்லிவிட்டோம். கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து சொன்னது. இனிப் பாதி முன்பணம் வாங்காமல் பாவு கட்டுவதில்லை, யாருக்காக இருந்தாலும். எத்தனை பேர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்? கல்யாண வீடுகள் ஒத்துக்கொள்ளும். கடைகள்?

இன்னொரு தீர்மானமும் உண்டு. பாய் முடியும்வரை காத்திருக்காமல், நெய்த முழத்துக்குக் கணக்குப் போட்டு வாராவாரம் கூலி. இதை ஓட்ட ஆறு வாரக் கூலியாவது கையில் இருப்பாக வேண்டும். வங்கியில் கேட்டால் ஈடு கேட்கிறார்கள். ஈடு வைக்க நம்மிடம் இருப்பது தறி.

“நோன்புக்கு முந்தி எத்தன சனிக்கிழம வரும்?” என்று கேட்டார் ராத்தா.

இரண்டு. அந்த இரண்டுக்குப் பணம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் நெசவு குறையும், செலவு கூடும். சென்னைப் பணம் வந்தால் பெருநாள்வரை தாங்கும். அதற்குப் பின்னால் எழுத இன்றைக்கு என்னிடம் எதுவுமில்லை.

பீடி சுற்றுகிறவர் வரவில்லை. மகளை அனுப்பியிருந்தார், வாரக் கூலி என்பது நிஜமா, இல்லை பேச்சா என்று கேட்டுவரச் சொல்லி. மார்ச் 2-ஆம் தேதி சாயங்காலம் வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

ஆற்றங்கரையில் கோரை நின்ற இடத்தில் வெள்ளம் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. இந்தப் பருவத்து அறுப்புக்கு எவ்வளவு தேறும் என்று நாளைக்குப் பெண்களோடு இறங்கிப் பார்க்க வேண்டும். கரூருக்கும் பேச வேண்டும், கட்டு விலை ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள்.