மார்ச் மாதத்து ஏற்றம்

டேட்டா அனலிட்டிக்ஸ் பக்கம் போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களில் பலர் ஆபீஸ் வேலையில் பத்து வருஷம் ஊறியவர்கள். இத்தனை நாள் பார்த்த வேலை இனி எதற்கும் உதவாது என்ற எண்ணம் அவர்கள் குரலிலேயே தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

பயிற்சி வகுப்பில் பைத்தான் எனக்கு மெல்லத்தான் வந்தது. எஸ்க்யூஎல் அப்படியில்லை. தகவலை அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம் என்று ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த மொழி அது. லெட்ஜரையும் பில் புத்தகத்தையும் அருகருகே விரித்து, பில் நம்பரைப் பார்த்து டிக் அடித்துப் பழகியவனுக்கு 'ஜாயின்' என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புது வேலையில், எந்தப் பார்ட்டி பணம் தர இழுத்தடிக்கிறார் என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரே பார்ட்டியின் பெயர் ஓரிடத்தில் 'ஸ்ரீ'யோடு, ஓரிடத்தில் 'ஸ்ரீ' இல்லாமல், இன்னோரிடத்தில் 'டெக்ஸ்டைல்ஸ்' சுருங்கி 'டெக்ஸ்' என்று கிடந்தது. உடன் இருந்த இளைஞர்கள் எழுத்து ஒற்றுமையை அளக்கும் நிரல் எழுதத் தொடங்கினார்கள். நான் ஜிஎஸ்டி எண்ணைத் தேடினேன். எண்ணும் எழுத்துமாக அதில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்தை மட்டும் பிரித்தெடுத்தால், கோவையில் ஒரு பதிவும் பெங்களூரில் ஒரு பதிவும் வைத்திருக்கும் கம்பெனிகூட ஒரே ஆளாக வந்து நிற்கும். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முந்தைய பில்களுக்கு மட்டும் அந்த நிரல் தேவைப்பட்டது.

அதே கோப்பில், வருஷா வருஷம் மார்ச்சில் விற்பனை எகிறியிருந்தது. வரைபடத்தைப் பார்த்தால் மார்ச்சில் கிராக்கி அதிகம் என்றுதான் எவரும் சொல்வார்கள். மார்ச் கடைசி ராத்திரிகளில் ஆபீஸில் உட்கார்ந்து பில் போட்டவர்களுக்கு வேறொன்று தெரியும். ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் டார்கெட்டை எட்டச் சரக்கைத் தள்ளிவிடுவார்கள். அதில் ஒரு பங்கு ஏப்ரல், மே மாதங்களில் கிரெடிட் நோட்டாகத் திரும்பிவிடும். அந்தக் கிரெடிட் நோட்டுகளை அவற்றின் மூல பில் தேதியோடு சேர்த்துக் கழித்தோம். மார்ச் ஏற்றத்தில் பெரும்பகுதி வடிந்துவிட்டது.

பல வகுப்புகளில் பயிற்சிக்குத் தருவது துப்புரவாகக் கழுவித் துடைத்த கோப்பு. கருவியைப் பழக அது போதும், பழகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் அவசரத்திலோ நிர்ப்பந்தத்திலோ பதிந்திருப்பார் என்ற உணர்வு அதில் வருவதில்லை. போன மாதம் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "எந்தக் கோர்ஸ்ல சேரலாம்ண்ணா?" என்று கேட்டார். ஸ்டாக் ரிஜிஸ்டருக்கும் கையிருப்புக்கும் ஒத்துப்போகாத அயிட்டங்கள் எவை, ஏன் ஒத்துப்போவதில்லை என்று முதலில் எக்செலில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கோர்ஸைப் பற்றி அதை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறோம்.