அரைக் கிலோவும் ஏழு பேரும்

அரைக் கிலோ மாட்டிறைச்சியைக் கறியாக்கினால் எங்கள் வீட்டு ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு, மூன்று துண்டுதான். உம்மா தன் பங்கைத் தம்பிமாரின் கோப்பையில் வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்ல" என்பார். நான் நூடில்ஸுக்கு மாறியது அதனால்தான்.

இறைச்சியை நாருக்குக் குறுக்காக, மெல்லியதாக வெட்ட வேண்டும். நாரின் போக்கிலேயே வெட்டினால் உம்மம்மாவின் பல்லுக்கு ஆகாது. இஞ்சி, உள்ளி, மிளகுத்தூள், கொச்சிக்காய்த்தூள், உப்புப் பிரட்டி அஸரிலிருந்து மஃரிப் வரை வைப்பேன். பிறகு மூடி, மெல்லிய நெருப்பில் அதன் தண்ணீரிலேயே அவியவிட்டு, ரம்பை, கறிவேப்பிலை, வெங்காயத்தோடு தாச்சியில் வதக்குவேன். அவித்த நூடில்ஸைப் பச்சைத் தண்ணீரில் அலசி வடியவிடாவிட்டால் களியாகிவிடும். லீக்ஸும் கரட்டும் கடைசியில். சோயா சோஸ் மணத்தால் வாப்பா தொடவே மாட்டார். எங்கள் வீட்டில் அது இல்லை.

"இடியப்பத்துக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டே உம்மம்மா இரண்டாந்தரமும் அள்ளுவார்.

சஹனில் கொட்டிவிட்டு ஏழு பேரும் நெருங்கி உட்காருவோம். நூடில்ஸுக்குள் புதைந்த இறைச்சியில் எது யாருடைய பங்கென்று உம்மாவால் பிரிக்க முடியாது. "உறைப்புக் கூடிட்டு மகள்" என்பார். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி கையை வைப்பார்.