தராசு காட்டாத மெலிவு

உடல் மெலிவதைத் தராசு காட்டிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்த்துப்போகும் நோயும் ஒன்றுண்டு. எமது தமையனாரின் சிறுநீரகங்கள் செயலிழந்த பின்னரே நாம் அதனை அறிந்தோம்.

கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அவர் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருப்பார். 1943ஆம் ஆண்டில், ஜேர்மனியர் வசமிருந்த ஒல்லாந்தில் வைத்தியர் வில்லெம் கொல்ஃப் அமைத்த கருவியின் வழிவந்தது இவ்வியந்திரம். இது குருதியிலுள்ள கழிவை நீக்குகையில், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களையும் ஒருமுறைக்கு ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை எடுத்துச் சென்றுவிடுகிறது. நோயோ பசியைக் கெடுக்கிறது. உணவாற் கிடைக்காத புரதத்தை உடல் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இவ்விழப்பைத் தராசு காட்டாததற்குக் காரணம் நீர். சிறுநீர் பிரியாத உடலில் நீர் தேங்குகிறது. தசை ஒரு கிலோ குறைய, நீர் ஒரு கிலோ கூடினால், தராசு முள் அசைவதில்லை. குருதியில் அல்புமின் அளவைப் பார்க்கலாமெனின், அழற்சி இருந்தாலும் அது குறையும். ஆகவே அதனை மட்டும் நம்புவதற்கில்லை.

இதனாலேயே வைத்தியர் எமது தமையனாரின் தொடையை ஸ்கான் செய்தார். இடுப்பெலும்புக்கும் முழங்காற் சிரட்டைக்கும் நடுவே குறியிட்டு, பசை பூசி, கருவியை அழுத்தாது நேராகப் பிடித்தார். அழுத்தினால் தசை தட்டையாகி அளவு பிழைக்குமாம். செவிக்கெட்டாத ஒலியலைகள் தோலையும் கொழுப்பையும் தசையையும் எலும்பையும் தனித்தனியே திரையிற் காட்டின. நல்ல தசை கருமையாகவும், கொழுப்பும் நாரும் கலந்த தசை வெளிறியும் தோன்றும். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. தேங்கிய நீர் அகன்றபின், டயாலிசிஸ் முடிந்ததும் அளப்பதே நன்று. எல்லோர்க்கும் பொருந்தும் ஓர் எல்லையளவு இன்னும் உறுதியாக வகுக்கப்படாமையால், ஒருவரின் முந்திய அளவோடு பிந்தியதை ஒப்பிடுவதே பெரும்பயன்.

மூன்று மாதங்களின் பின் மீண்டும் அளந்தபோது நிறை மாறவில்லை. தசையின் தடிப்போ குறைந்திருந்தது. வைத்தியர் உணவைப் பற்றி விசாரித்தார். இயந்திரம் தொடங்குமுன் விதிக்கப்பட்ட புரதக் கட்டுப்பாட்டையே அண்ணியார் பக்தியோடு தொடர்ந்து வந்தமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது.

"பத்தியம் என்று நானே இவரைப் பட்டினி போட்டேனா, டொக்டர்?" என்று கண்கலங்கினார்.

"இல்லை அம்மா. அன்றைக்கு அந்த விதி சரி. இன்றைக்கு விதி மாறிவிட்டது, அதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்" என்றார் வைத்தியர்.

டயாலிசிஸ் பெறுவோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். பொட்டாசியம், பொசுபரசு, உப்பு, நீர் ஆகியவற்றின் கட்டுப்பாடு வேறு. அதனை வைத்தியரே வகுக்க வேண்டும். அன்று முதல் தமையனாரின் தட்டில் முட்டை வெண்கருவும் மீனும் இடம்பெற்றன. அடுத்த அளவையில் தசை மேலும் குறையவில்லை. அண்ணியாருக்கு அன்றிரவுதான் உறக்கம் வந்தது.

வீட்டில் இந்நோயாளர் உள்ளோர், பழைய பத்தியம் இன்றும் பொருந்துமா என்று வைத்தியரிடம் ஒருமுறை கேட்டறிவது நலம். அன்போடு சமைப்பவருக்கும் சரியான அளவு தெரிந்திருத்தல் வேண்டும்.