ஏத்தாப்பூரில் விடப்பட்ட குளவி

மரவள்ளியைச் சேலத்தார் குச்சிக்கிழங்கு என்றே வழங்குவர். விதையின்றித் தண்டை நறுக்கிய கரணையிலிருந்தே அது முளைப்பதால் அப்பெயர் பொருத்தமானது. ரப்பர் மரத்துக்கு அது நெருங்கிய உறவு. கிள்ளினால் இரண்டிலும் பால் கசியும். பத்து மாதம் காத்திருந்து கிழங்கைச் சேகோ ஆலைக்கு அனுப்பும் சிறு உழவருக்கு எடை மட்டும் போதாது. மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ அளவே விலையைத் தீர்மானிக்கும்.

2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பின்னர்ச் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் அது வந்து சேர்ந்தது. அது சாறுறிஞ்சிய செடியின் கணுக்கள் நெருங்கும். நுனியிலைகள் சுருண்டு கொத்தாகும். மெழுகுப் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியை மருந்து எளிதில் எட்டாது. அதன் இயற்கைப் பகைவர்களைத்தான் எளிதில் கொல்லும்!

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைப் பாழாக்கியது. அதன் தாயகமான தென் அமெரிக்காவில் தேடியபோது, பராகுவேயில் ஒரு சிறு குளவி அகப்பட்டது. ‘அனாகைரஸ் லோபேசி’ என்னும் அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். அதனை ஆப்பிரிக்காவெங்கும் பரப்பிய பணிக்குத் தலைமையேற்ற ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே குளவி ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கு வந்தது. தனிமைப்படுத்திய ஆய்வுகளுக்குப்பின், 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது. தமிழகத்துக்கு இம்முறை புதிதன்று. 2008இல் கோவையில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சியையும் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவிகளே அடக்கின.

ஆயினும் ஆய்வுக்கூடத்தின் வேலையைவிட உழவரின் வேலையே கடினம். குளவி விட்டபின் அவர் மருந்து தெளிக்கலாகாது. கண்முன்னே நுனிகள் கருக, கடன் தவணை நெருங்க, கை கட்டி நிற்பது எளிதா? அவர் பொறுத்தாலும், பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வருமே! குளவிக்கு வரப்பு தெரியாது. ஆகவே ஓர் ஊரே சேர்ந்து பொறுக்கவேண்டும். பூச்சி படிந்த தண்டிலிருந்து கரணை நறுக்குவதையும் நிறுத்தவேண்டும். அயலூருக்கு அப்பூச்சியைச் சுமந்து செல்வது அந்தக் கரணைதான்.

பொறுத்தவர் காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார். வெண்பஞ்சாய்ப் படர்ந்த கூட்டத்தின் நடுவே, பழுப்பேறி உப்பி இறுகிய சில உடல்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஊசிமுனையளவு துளை. குளவி வெளியேறிவிட்டது.