கடிகாரக் கணக்கும் கரிசல் உழைப்பும்

இக்காலத்துக் கைக்கடிகாரம் மணி காட்டுவதோடு நில்லாது, நடை, நாடி, உறக்கம் ஆகியவற்றையும் அளக்கின்றது. அவ்வளவைக் கணக்காக்கி நமக்கு எடுத்துரைப்பது கைபேசியிலுள்ள செயலியே. ஆதலின், வாங்குவோர் கடிகாரத்தின் பகட்டினும் செயலியின் தன்மையையே முதற்கண் ஆராய்தல் நலமென்பது எம் கருத்து.

ஆப்பிள் கடிகாரத்தைத் தொடங்க ஐபோன் வேண்டும். சாம்சங் கடிகாரத்தின் இ.சி.ஜி. வசதிக்கு அந்நிறுவனத்தின் கைபேசியே வேண்டும். கார்மின் செயலியோ ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இயங்கும். 2025-இல் கட்டணப் பகுதியொன்று சேர்ந்ததாயினும், அடிப்படைக் கணக்குகளுக்குக் கட்டணமில்லை.

இவற்றினும் பெரியதொரு வேறுபாடுண்டு. அது எதனை உழைப்பென்று எண்ணுவது என்பதாம். பலரும் போற்றும் 10,000 அடி இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணுங் கருவியின் பெயரினின்று பரவியது. வைத்திய ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. குளத்தூர்க் கரிசற்காட்டில் பகலெல்லாம் குனிந்து மிளகாய்க்குக் களையெடுக்கும் தாய்க்கு அடிகள் சில, உழைப்போ பெரிது. அடியை மட்டும் காட்டும் செயலி அவளைச் சோம்பியென்னும். கார்மின் செயலி நாடியின் வேகத்தைக் கொண்டு உழைத்த நிமிடங்களையும் எண்ணும். கை ஓயாது அசைவதால் அதிலும் பிழை நேர்தல் கூடும்.

மாணவ நண்பர்காள்! அடிக்கணக்கு நிறையவில்லையென்று, களைத்துவந்த தாயை அந்தியில் நடக்க ஏவுதல் தகுமோ? செயலி கூறுவதைக் கேட்போம். அவள் முதுகு கூறுவதை அதற்குமுன் கேட்போமாக.