உப்பளத்தில் உப்பில்லை

புதுச்சேரிப் பட்டணத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்திருக்கிறது தேங்காய்த்திட்டு. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், நீர் சூழ்ந்த ஒரு மேட்டில் தென்னஞ்சோலை காற்றில் அசைந்தாடும் காட்சி நம் மனக்கண் முன் எழும். ஆனால் இன்று அங்கே செல்வோரை முதலில் எதிர்கொள்வது மீன்பிடித் துறைமுகமே. படகுகளின் வரிசை, வலைகளின் குவியல், பனிக்கட்டி உடைக்கும் ஓசை, மீனை ஏலம் விடுவோரின் குரல் என்று விடியற்காலையிலேயே ஊர் விழித்துக்கொள்கிறது.

இந்த ஆற்றங்கரைக்கு அரிக்கமேட்டைக் காண வருவோர் பலர். 1945-ம் வருஷத்தில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமாபுரிக்கும் தமிழகத்துக்கும் நிலவிய வாணிபத்துக்குச் சான்றுகள் கண்ட மேடு அது. நாம் தேடி வந்த பொருள் அத்தனை பெருமை வாய்ந்தது அல்ல. எல்லோர் வீட்டு அடுப்பங்கரையிலும் ஜாடியில் கிடக்கும் உப்பைப் பற்றியதே நமது விசாரணை.

தேங்காய்த்திட்டின் கழியோரத்தில் அலையாத்தி மரங்கள் அடர்ந்திருக்கின்றன. உப்பு நீரிலேயே வேரூன்றி வாழும் இம்மரங்கள், தமக்கு வேண்டாத உப்பை இலைகளில் உள்ள நுண்ணிய சுரப்பிகளின் வழியே வெளியே தள்ளிவிடுகின்றன. வெயில் ஏறினால் அந்நீர் உலர்ந்து இலையின் மேல் வெண்பொடி படிகிறது. ஓர் இலையை விரலால் தடவி நாவில் வைத்தோம், நன்றாகக் கரித்தது. இலையில் படிவது மாவைப் போன்ற பொடி; நம் வீட்டு ஜாடியில் இருப்பதோ கற்கண்டைப் போன்ற கல். இரண்டுக்கும் மூலம் ஒரே கடல்; இரண்டையும் உலர்த்துவது ஒரே சூரியன். அப்படியிருக்க ஒன்று பொடியாகவும் மற்றொன்று கல்லாகவும் ஆவானேன்?

பெயர் மட்டும் மிஞ்சிய இடம்

இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் தேங்காய்த்திட்டின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு. அடுத்தாற்போல் உள்ள பேட்டைக்கு உப்பளம் என்று பெயர். ஊரின் நடுவே ஓடும் ஒரு வாய்க்காலுக்கு உப்பனாறு என்று பெயர். ஆனால் உப்பளத்தில் இன்று காண்பது விளையாட்டு அரங்கமும் வீடுகளும் கடைவீதிகளுந்தான். ஒரு பிடி உப்புக்கூட அங்கே விளையவில்லை.

நூறு வருஷங்களுக்கு முந்திய பத்திரங்களைப் புரட்டினால் இதன் காரணம் ஓரளவு விளங்குகிறது. 1815-ம் வருஷத்தில் இங்கிலாந்தும் பிரான்ஸும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சுப் பிரதேசங்களில் விளையும் உப்பை வாங்கும் ஏகபோக உரிமை ஆங்கிலேயருக்கு. அதற்கு ஈடாக வருஷந்தோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரருக்கு. 1818-ம் வருஷத்திலே இன்னொரு படி மேலே சென்றார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிடுவது என்றும், உப்பளம் உடையவர்களுக்கு நஷ்டஈடாக வருஷம் 4,000 வராகன் கொடுப்பது என்றும், ஜனங்கள் உண்பதற்கு வேண்டிய உப்பை அடக்க விலைக்கு ஆங்கிலேயர் தருவது என்றும் முடிவாயிற்று. வாசலில் கடல் அலை மோத, உண்ணும் உப்புக்கு அயலானை எதிர்பார்த்திருக்கும் விசித்திர நிலை புதுச்சேரி மக்களுக்கு ஏற்பட்டது.

நிலத்துக்கு நஷ்டஈடு கணக்கிடலாம். விளைச்சலுக்கும் கணக்கிடலாம். பாத்தியில் இறங்கி உப்பை விளைவித்தவனுடைய கைப்பழக்கத்துக்கு எத்தனை வராகன் என்று யார் கணக்கிட்டார்கள்? தகப்பன் பாத்தியில் இறங்காவிட்டால் மகனுக்கு அதைக் கற்றுக்கொள்ள வழியில்லை. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. நிலமும் ஆட்சியும் திரும்பின; கைப்பழக்கம் அவ்விதம் திரும்புவதில்லை. ஆகையால் அந்தக் கைகளைத் தேடி நாம் வடக்கே புறப்பட்டோம்.

மரக்காணத்துப் பாத்திகள்

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக 20 மைலுக்குச் சற்று அதிகமாகச் சென்றால் மரக்காணம் வருகிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய உமணர்கள் இத்தகைய நெய்தல் நிலங்களிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

சாலையோரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி வைத்தாற்போல் வானத்தின் நீலம் அவற்றில் தெரிகிறது. வரப்புகளின் மேல் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பாத்திகளைச் செப்பனிட்டு, காலால் மிதித்துத் தரையை இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் உப்பு நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். உப்பிலும் சேறு கலந்துவிடும்.

ஆயிரம் லிட்டர் கடல் நீரில் உப்பு வகைகள் எல்லாமாகச் சேர்ந்து சுமார் 35 கிலோ உண்டு. அதில் நாம் உண்ணும் உப்பு முக்கால் பங்குக்கு மேல். மீதி சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் பிறவும். இவற்றைப் பிரித்தெடுக்கும் உபாயம் எளியது. நீரை ஒரே பாத்தியில் வைத்து வற்றவிடாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள். நீரின் செறிவை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அளக்கிறார்கள். அதில் தெரியும் டிகிரி, அந்த்வான் போமே என்ற பிரெஞ்சு ரசாயனி 1768-ல் வகுத்தது. கடல் நீர் சுமார் 3 டிகிரி; 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் படியத் தொடங்குகிறது; 25 டிகிரியை எட்டும்போது நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, இனி ஒரு சிட்டிகை உப்பையும் கரைத்து வைத்துக்கொள்ள இயலாத நிலையை அடைகிறது. அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கும். 29, 30 டிகிரியை நெருங்கினால் எஞ்சிய நீரை நஞ்சோடையில் வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். மழைக்காலத்தில் ஜாடியிலேயே நீர்த்துவிடும்.

பந்தியில் பரிமாறுவது போல

இனி நமது கேள்விக்கு வருவோம். கற்கண்டு செய்வோர் கொதிக்கும் பாகை மெள்ள ஆறவிட்டுக் கட்டி எடுக்கிறார்கள். உப்பிடம் அந்த வித்தை பலிப்பதில்லை. நூறு பங்கு குளிர்ந்த நீரில் 36 பங்கு உப்புக் கரைகிறது. கொதிக்கும் நீரிலும் 39 பங்குதான். ஆகவே ஆறவைத்துப் பயனில்லை. நீரை ஆவியாக்கியே தீர வேண்டும். எவ்வளவு வேகமாக ஆவியாகிறது, அவ்வேளையில் பாத்தி கலைக்கப்படுகிறதா என்பவற்றைப் பொறுத்தே உப்பின் பருமன் அமைகிறது.

ஒரு வீட்டில் ஒரு படிச் சோறு இருக்கிறது. பத்துப் பேர் அமர்ந்தால் ஒவ்வோர் இலையிலும் நிறைய விழும். நூறு பேர் அமர்ந்தால் ஆளுக்கு ஒரு கவளம். பாத்தியிலும் இதே கதைதான். நீர் வேகமாக வற்றினால், வெளிப்பட வேண்டிய உப்பு ஒரே சமயத்தில் எண்ணிறந்த புது மணிகளாகப் பிறந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு அற்பம். நீர் மெதுவாக வற்றினால் புதிய மணிகள் பிறப்பது குறைவு. முன்பே பிறந்தவை அடுக்கடுக்காக வளர்ந்து கல்லாகின்றன. அலையாத்தி இலையில் ஒரு சொட்டு நீர் வெயிலில் சட்டென்று உலர்வதால் அங்கே பொடி; பாத்தியில் பல நாள் அமைதியாகக் கிடப்பதால் இங்கே கல்.

இவ்வளவையும் புத்தகத்தில் படித்திருந்த நாம், வாருபலகையுடன் பாத்தியில் நின்ற ஓர் அம்மாளிடம், "இவ்வளவு பெரிய கல்லாக எப்படி அம்மா விளைகிறது?" என்று கேட்டோம்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஆறவிட்டாக் கல்லு, கலைச்சுக்கிட்டே இருந்தாப் பொடி. அவ்வளவுதான் ஐயா" என்றார்.

சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பலகையால் கலைக்கும்போது வளர்ந்த மணிகள் ஒன்றோடொன்று உரசித் துணுக்குகள் உதிர்கின்றன. ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதிய வித்தாகிறது. அதனால் அடிக்கடி கலைத்த பாத்தியில் மணி சிறுத்துப் போகிறது. அடியோடு கலைக்காமலே விட்டாலோ, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் பாளமாக இறுகிவிடும். பிறகு கடப்பாரைதான் வேண்டும். எப்போது கலைப்பது, எப்போது சும்மா இருப்பது என்று அறிவதில்தான் திறமை இருக்கிறது.

"அப்படியானால் இன்னும் சில நாள் விட்டுவைத்தால் இன்னும் பெரிதாகுமே?" என்றோம்.

"ஆகும். ஆனா மானத்தைப் பார்த்துக்கிட்டே விடணும். ஆசைப்பட்டு ரெண்டு நாள் கூட வச்சு, நடுவுல ஒரு மழை அடிச்சா அத்தனையும் தண்ணியாப் போயிடும். அப்புறம் மொதல்ல இருந்து பாடுபடணும்."

அவர் சொன்னதன் கனம் நமக்கு அப்போதுதான் உறைத்தது. பொறுத்திருந்தால் கல் பெரிதாகும். பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பல வாரத்து உழைப்பு திறந்த வெளியில் கிடக்கிறது. வாரி எடுத்து வரப்பில் குவித்துக் கீற்றோ படுதாவோ போட்டு மூடும் வரையில் அது உப்பும் அல்ல, காசும் அல்ல; கரைந்துபோகக்கூடிய நம்பிக்கைதான்.

கல்லும் பொடியும் பூவும்

கல்லாக இருந்தால் என்ன, பொடியாக இருந்தால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். தேங்காய்த்திட்டைப் போன்ற மீன்துறைகளை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கருவாடு போடும்போது மிகவும் பொடியான உப்பைத் தடவினால், அது மீனின் மேற்புறத்து ஈரத்தை வெகு வேகமாக உறிஞ்சி, மேல் தசையை இறுகச் செய்துவிடுகிறது. உள்ளே உப்பு இறங்க வழியில்லாமல் மீன் கெடத் தொடங்குகிறது. கல் உப்பு மெள்ளக் கரைந்து மெள்ள உள்ளே செல்கிறது.

நம் வீடுகளிலும் ஒரு சான்று உண்டு. திருஷ்டி சுற்றிய உப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கும். கண்ணேறு கழிந்தது என்று பாட்டி மகிழ்வாள். கல் வளர்ந்தபோது அதன் வயிற்றுக்குள் சிறைப்பட்ட நீர்த்துளி, நெருப்பின் சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளந்துகொண்டு வெளியேறுவதே அந்த வெடிச் சத்தம். நீர் சூழ வளர்ந்த கல் என்பதற்கு அது அத்தாட்சி.

மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது. காற்று இதமாக வீசும் வெயில் நாளில், பாத்தி நீரின் மேற்பரப்பிலேயே மெல்லிய செதில்கள் பூத்து மிதக்கும். பிரெஞ்சு தேசத்தில் கெராந்து என்னும் கடற்கரை ஊரில் இதை "உப்பின் பூ" என்று அழைத்து, மூழ்கிவிடுவதற்கு முன் மேலாக வழித்தெடுத்து, சாதாரண உப்பைப் போல் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இயந்திரம் வந்த பிறகும் அந்த ஊரார் தங்கள் கைத்தொழிலைக் கைவிடவில்லை. தன் வீட்டில் உப்புத் தொழிலை இவ்வாறு பேணிய தேசந்தான் புதுச்சேரியில் அதே தொழிலை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆலைகளில் இப்போது சூரியனுக்கும் வேலை இல்லை. மூடிய கலங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்து, நீராவியால் கொதிக்க வைத்து, ஓயாமல் கலக்கிக்கொண்டே இருந்தால், அளவெடுத்தாற்போல் சன்னமான உப்புக் கொட்டுகிறது. அயோடினைச் சீராகக் கலப்பதற்குச் சன்ன உப்பு வசதியானது. அதன் நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆலைக்கு மழைப் பயம் இல்லை. மரக்காணத்துப் பாத்திக்கு உண்டு. அங்காடியில் இரண்டும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன.

1930-ம் வருஷம் ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்றது ஒரு பிடி உப்பை அள்ளுவதற்காக. உப்பின் மீது விதித்த வரி 1947-ல் ஒழிந்தது. கடல் நீரை உப்பாக்கும் உரிமை அத்துடன் நம் கைக்கு வந்தது. அந்தக் கைக்கு வேலையும் நியாயமான விலையும் இருந்தால்தான் உரிமைக்குப் பொருள் உண்டு. புதுச்சேரியின் உப்பளம் உடன்படிக்கையினால் பெயராக மட்டும் மிஞ்சியது. மரக்காணத்தில் அப்படி யாரும் தடை விதிக்கப் போவதில்லை. ஆனால் கட்டுப்படியாகாத தொழிலைப் பிள்ளைகள் தொடராமல் விட்டுவிட்டால், தடையே இல்லாமல் அதே முடிவு வந்து சேரும்.

அடுத்த முறை சமையலுக்கு உப்பை எடுக்கும்போது, ஒரு கல்லைச் சற்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சதுரமான அதன் ஓரங்களும், அடுக்கடுக்கான அதன் படிகளும் தெரியும். ஒவ்வோர் அடுக்கும், ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்றைக்கும் வார வேண்டாம், இருக்கட்டும் என்று துணிந்து விட்டுவைத்த காலத்தில் படிந்தது.