பின்கதவு

கார் வாங்கும்போது மனிதர் எதையெதையோ கேட்பர். விசை எவ்வளவு, விலை எவ்வளவு, எத்தனை மைல் ஓடியது என்றெல்லாம் விசாரிப்பர். கதவு எத்தனை என்று கேட்பவர் அரிது. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியின் பொருளை அறிய எங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஒரு சிற்றூரில் வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது கணவனும் மனைவியும். எந்தச் செயல் எவருடையது என்று பிரித்துக் காட்ட விரும்பவில்லை. ஏனெனில், சொல்லப்போகும் பிழை இருவருக்கும் பொதுவானது.

எங்கள் ஊருக்கு அருகே உட்வர்டு சாலை செல்கிறது. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தொடங்கி வடமேற்காக நீளும் இச்சாலைக்கு மோட்டார் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1909இல் இதன் ஒரு மைல் நீளத்திற்குக் கான்கிரீட் தளம் இடப்பட்டது. இதன் ஓரத்தில் உள்ள ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில்தான் 1913இல் ஃபோர்டு நிறுவனம் நகரும் பொருத்துவரிசையை அமைத்து, காரைச் சாமானியனும் வாங்கத்தக்க பொருளாக்கியது. 1960களில் இளைஞர்கள் தங்கள் கார்களின் வேகத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட வீதியும் இதுவே. அந்த நினைவைப் போற்றும் வகையில் 1995இல் தொடங்கிய பழங்கார் ஊர்வலம் ஆகஸ்டு மாதச் சனிக்கிழமையொன்றில் நடைபெறுகிறது. சாலையின் இருமருங்கிலும் மடக்கு நாற்காலியிட்டு அமர்ந்து மக்கள் வேடிக்கை பார்ப்பர்.

இத்தகைய ஊரில் வந்து குடியேறியவர்களுக்கு ஓர் ஆசை எழுவது இயல்பு. ஊராரோடு ஊராராக நம்மையும் எண்ணமாட்டார்களா என்னும் ஆசைதான் அது. 2017இல் நாங்கள் வாங்கிய மஸ்டாங் கார் அவ்வாசையின் உருவமாகவே இருந்தது. 2015ஆம் ஆண்டு மாதிரி, கருநீல நிறம், இரண்டே கதவுகள், எட்டு உருளைகள் கொண்ட எஞ்சின், 435 குதிரைத்திறன். சாவியைத் திருப்பினால் தெருக்கோடியில் நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார். அவர் திரும்பிப் பார்த்தது காரையா எங்களையா என்று அன்று நாங்கள் ஆராயவில்லை.

மஸ்டாங்கின் வரலாறு வாசகர் சிலர் அறிந்ததே. 1964 ஏப்ரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. தொடக்க விலை 2,368 டாலர். நீண்ட முகப்பும் குறுகிய பின்புறமும் கொண்ட அவ்வடிவம் இளைஞர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. முதல் நாளிலேயே இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தனர். பெரிய எஞ்சினைத் தாங்கிய இவ்வகை இருகதவுக் கார்களை அமெரிக்கர் 'மசில் கார்' என்பர். திண்தோள் கொண்ட கார் என்று பொருள் கொள்ளலாம். நுணுக்கம் பார்ப்போர் மஸ்டாங்கைத் தனி வகையில் வைத்து 'போனி கார்' என்பர். பெயர் எதுவாயினும் கருத்து ஒன்றே. இது முன்னிருக்கையில் அமரும் இருவருக்காகப் படைக்கப்பட்டது. பின்னிருக்கை என ஒன்று உண்டு. அதற்கெனத் தனிக் கதவு இல்லை.

திருமணமான புதிதில் அது குறையாகத் தோன்றவில்லை. 2021இல் குழந்தை பிறந்தபோது சிறிது தோன்றியது. கைக்குழந்தையைப் பின்னோக்கிய இருக்கையில் கிடத்தி, அதனைக் காரின் பின்னிருக்கையில் பிணைக்க வேண்டும் என்பது இந்நாட்டு நடைமுறை. அந்த இருக்கையைப் பொருத்தியதும் முன்னிருக்கையை எல்லை வரை முன்னே தள்ள நேர்ந்தது. அதில் அமர்ந்தவரின் முழங்கால்கள் எதிர்ப்பலகையை முட்டின. மழையில் நனைந்தபடி, முன்னிருக்கையை மடித்து, இடுப்பளவு உள்ளே நுழைந்து குழந்தையைக் கட்டுவோம். கட்டிவிட்டு நிமிர்ந்து, 'குழந்தை வளர்ந்துவிட்டால் சரியாகிவிடும்' என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம்.

2023 மே மாதம் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள். எங்களுள் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கு அம்மா என்றே குறிப்பிடுகிறோம். வயது அறுபத்தெட்டு. இரு முழங்கால்களிலும் மூட்டுவலி. ஆறு மாதம் தங்கலாம் என்று விமான நிலையத்தில் அனுமதி தந்திருந்தனர்.

வீட்டில் இருந்தது அந்த ஒரே கார். முதல் வாரத்தில் மூன்று முறை அம்மாவை வெளியே அழைத்துச் சென்றோம். "முன்னால் உட்காருங்கள்" என்றோம், கேட்கவில்லை. பேரப்பிள்ளையின் பக்கத்தில் இருப்பதற்குத்தானே கடல் கடந்து வந்தார்கள்! முன்னிருக்கையைச் சாய்த்து வழிவிட்டோம். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, தலையைத் தாழ்த்தி, தொங்கும் இருக்கைப் பட்டையைத் தாண்டி ஒரு காலை வைத்து, உடலைத் திருப்பி உள்ளே விழுந்தார்கள். ஆம், அமர்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய். இறங்குவது அதனினும் கடினம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, நாங்கள் இரு கைகளையும் பற்றி இழுத்தோம். இழுக்கும்போது சிரித்தோம். அவர்களும் சிரித்தார்கள்.

அதன்பின் அம்மா வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வீட்டுல இருக்கதுதான் இஷ்டம்" என்றார்கள். நாங்களும் நம்பினோம். அமெரிக்கா அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நண்பர்களிடம் வருத்தத்தோடு சொன்னோம். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஆகஸ்டில் உட்வர்டு ஊர்வலம் வந்தது. காரை மெருகேற்றி, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் அவ்வரிசையில் ஊர்ந்தோம். சாலையோரத்தில் யார் யாரோ எங்களுக்குக் கையசைத்தனர். நாங்களும் அசைத்தோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்த இருவர் மட்டும் அக்கூட்டத்தில் இல்லை.

செப்டம்பர் இறுதியில் ஒரு காலை. அம்மா ஊரிலுள்ள தம் தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அடுக்களையில் நின்றோம், காதில் விழுந்தது.

"எங்கயும் போகல தங்கச்சி. ஆசையா வாங்கின காரு, குறை சொன்னா பிள்ளைக மனசு நோவும். வாசல் இல்லாத வீட்டுக்குள்ள சன்னல் வழியா ஏறி இறங்குற மாதிரி இருக்கு. முட்டு தாங்க மாட்டேங்குது. மூணு தடவ ஏறுனேன், போதும்."

அன்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான்கு மாதங்களாக அம்மாவின் அமைதியை விருப்பமின்மை என்று நாங்கள் தவறாகப் பொருள்கொண்டிருந்தோம். இடம் இல்லாதது காரில் மட்டும்தானா என்ற கேள்வி இரவெல்லாம் உறுத்தியது.

வாங்க வேண்டியது எது என்று தேடினோம். எங்களுக்கு ஓட்டுவதில் உள்ள விருப்பம் ஒரே நாளில் அற்றுப்போகவில்லை. அதை மறைப்பதில் பயனில்லை. ஃபோர்டு நிறுவனமே செய்த, வேகமும் பயன்பாடும் ஒருங்கே அமைந்த ஃபோக்கஸ் எஸ்.டி. என்னும் சிறிய காரை முதலில் நினைத்தோம். ஆனால் மஸ்டாங் நீங்கலாக ஏனைய கார்களை வட அமெரிக்காவில் படிப்படியாக நிறுத்துவதாக அந்நிறுவனம் 2018இலேயே அறிவித்து, அவ்வாறே செய்துவிட்டது. முடிவில் ஜெர்மன் நாட்டு ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜி.டி.ஐ. காருக்கு வந்து சேர்ந்தோம்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பெரிய எஞ்சின்களின் பொற்காலத்தை ஆட்டங்காணச் செய்தது. மறு ஆண்டு கோல்ஃப் வந்தது. அதற்குச் சற்று விசை கூட்டினால் என்ன என்று அந்நிறுவனத்தின் ஊழியர் சிலர் தாமாகவே முயன்றதன் விளைவுதான் ஜி.டி.ஐ. 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அதைக் காட்டினர். ஐயாயிரம் வண்டிகள் விற்றால் போதும் என்பது அவர்கள் கணக்கு. முதல் தலைமுறை மட்டுமே நான்கரை லட்சத்தைத் தாண்டியது. இருக்கைக்குக் கட்டம் போட்ட துணியைத் தேர்ந்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்னும் பெண்மணி. பீங்கானில் ஓவியம் தீட்டிப் பயின்றவர்.

அளந்து பார்த்தபோது எங்களுக்கு வியப்புண்டாயிற்று. எங்கள் மஸ்டாங் 188 அங்குல நீளம். நாங்கள் பார்த்த 2019ஆம் ஆண்டு மாதிரி கோல்ஃப் 168 அங்குலம். இருபது அங்குலம் குறைவு. ஆயினும் பின்னிருக்கையில் கால் நீட்டும் இடம் முன்னதில் 30.6 அங்குலம், பின்னதில் 35.6. சிறிய காரில் ஐந்து அங்குலம் கூடுதல்! காரணம் எளியது. மஸ்டாங்கின் எஞ்சின் நெடுக்குவாட்டில் படுத்திருக்கிறது. அதற்காகவே முகப்பு நீள்கிறது. அதன் விசை பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டு காரின் நடுவே ஓடுகிறது. கோல்ஃபின் எஞ்சினோ குறுக்குவாட்டில் ஒதுங்கிப் படுத்து, முன்சக்கரங்களையே இயக்குகிறது. தான் அடங்கிக்கொண்டதால் பிறருக்கு இடம் கிடைக்கிறது. விசை 228 குதிரைத்திறன். பழையதில் பாதிக்குச் சற்றே மேல். நான்கு கதவுகள், அவை போதாவென்று பின்புறம் முழுதும் மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு.

அக்டோபர் இறுதியில் பழையதைக் கொடுத்து இதனை மாற்றிக்கொண்டோம். விற்பனை நிலையத்தார் மஸ்டாங்கைச் சுற்றி வந்து, ஒரு கீறலைக் குறித்து, ஒரு தொகையைச் சொன்னார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். அதற்கு முந்தைய இரவு உட்வர்டு சாலையில் கடைசியாக ஒருமுறை ஓட்டினோம். சன்னல்களைத் தாழ்த்தி, வானொலியை அணைத்து, எஞ்சினின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு சென்றோம். அந்த ஒலியை இன்றும் விரும்புகிறோம். துறந்தது மதிப்பற்றது என்று சொன்னால் துறவுக்குப் பொருளில்லை.

புதிய காரை வீட்டு முன் நிறுத்தியபோது எங்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கார்த் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றவர். டெட்ராய்டின் மூன்று பெரும் நிறுவனங்களுக்கு எதிராகச் செப்டம்பர் 15இல் தொடங்கிய தொழிலாளர் வேலைநிறுத்தம் அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் மகனும் மறியலில் நின்றவர். இத்தகைய வேளையில் அயல்நாட்டுக் காரா என்று அவர் முகம் திருப்பிக்கொள்வாரோ என்று தயங்கினோம். அவர் மெல்ல வந்தார். முகப்பைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, மூடி, அது பொருந்தும் ஓசையைக் கூர்ந்து கேட்டார். பிறகு, "இனி உங்கள் அம்மா வெளியே வருவாரா?" என்று வினவினார்.

எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பகல்தோறும் திண்ணையில் தனித்திருந்த அம்மாவை வேலிக்கு அப்பாலிருந்து அவர் பார்த்திருக்கிறார். "அந்த இரு கதவுகளை நாங்கள் இருபது வயதுப் பிள்ளைகளுக்காகப் பொருத்தினோம். அந்த வயதில் அது நல்ல காருங்கூட" என்று சொல்லிச் சென்றார்.

அம்மா புறப்பட இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. முதல் நாள் பின்கதவை அகலத் திறந்து நின்றோம். அம்மா இருக்கையில் அமர்ந்து, பின்னர் இரு கால்களையும் உள்ளே எடுத்து வைத்தார்கள். வேறொன்றும் நிகழவில்லை, எவரும் கை கொடுக்கவில்லை, எவரும் சிரிக்கவில்லை. இருக்கைத் துணியைத் தடவிப் பார்த்து, "நம்ம ஊரு கைலி மாதிரில்லா இருக்கு" என்றார்கள்.

டெட்ராய்ட் ஆற்றின் நடுவே உள்ள பெல் ஐல் தீவுக்குச் சென்றோம். இலைகள் பழுத்து உதிரும் காலம். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று மெதுவாகக் கடந்து போயிற்று. துறைமுக ஊரில் பிறந்த அம்மா பேரனுக்கு அதைக் காட்டி, அது என்ன ஏற்றிச் செல்லும், எப்படித் திரும்பும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா பிடிக்கவில்லை என்று நாங்கள் முடிவுகட்டியிருந்த அதே அம்மாதான். அந்த இரு வாரங்களில் ஒன்பது இடங்களுக்குப் போனோம். போகாமல் கழிந்த மாதங்களை எந்தக் கதவாலும் திறக்க முடியாது. அந்தக் கணக்கு எங்களிடம் தீராமல் இருக்கிறது.

அவ்வாண்டின் டிசம்பரில் டாட்ஜ் சாலஞ்சரின் உற்பத்தி முடிந்தது. அதே மாதம் கமாரோவின் உற்பத்தியும் நின்றது. ஒரு காலம் முடிவதாக ஊரே பேசிக்கொண்டது. மஸ்டாங் இன்னும் இரண்டு கதவுகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. சாலையில் அதைக் காணும்போது இப்பொழுதும் நாங்கள் திரும்பிப் பார்க்கிறோம். ஓட்டுபவர் இளைஞராயின் மனத்துள் வாழ்த்துகிறோம்.

நாம் ஆசையோடு கட்டிக்கொண்ட ஒவ்வொன்றிலும் கதவில்லாத பின்னிருக்கை ஒன்று இருக்கக்கூடும். அதில் அமர்பவர் குறை சொல்வதில்லை. நம் மனம் நோகும் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

ஞாயிறுதோறும் அம்மா தொலைபேசியில் அழைக்கிறார்கள். பேரன் சாப்பிட்டானா, பனி பெய்கிறதா என்று கேட்டபின், தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "என் கதவு நல்லா இருக்கா?"

நல்லா இருக்கும்மா. எப்போ வாறீங்க?